பிள்ளைகளின் கணுக்கால் முறிவு: துளை வழியாகவா, திறந்தா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: 13 வயது மகள் விளையாடும்போது பாதம் வெளிப்பக்கம் திரும்பி விழுந்தாள். கணுக்காலில் வளர்ச்சித் தட்டு முறிந்து 3 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று ரிப்போர்ட் சொல்கிறது. ஒரு மருத்துவர் "சின்னத் துளை போட்டு ஸ்க்ரூ வைத்துவிடலாம், தழும்புகூடத் தெரியாது" என்கிறார். இன்னொருவர் "திறந்து பார்த்துத்தான் பொருத்த வேண்டும்" என்கிறார். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. யார் சொல்வது சரி, திறந்தால் கால் வளராமல் போய்விடுமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் எழுதாமல் விட்ட இன்னொரு கேள்வியும் இதற்குள் இருக்கிறது: வெளியே காயம் சின்னது என்றால் உள்ளே பாதிப்பும் சின்னதுதானே? எனக்குத் தெரிந்து பெற்றோர்களின் குழப்பம் பாதிக்கு மேல் இந்த ஒரு நம்பிக்கையில்தான் தொடங்குகிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் எலும்பு அறுவை மருத்துவன். பல வருடங்களாகப் பெரும்பாலும் பிள்ளைகளையே பார்க்கிறேன். உங்கள் மகளின் படங்களை நான் பார்க்கவில்லை, காலைத் தொட்டும் பார்க்கவில்லை. ஆகவே "இவர் சொல்வதைக் கேளுங்கள், அவர் சொல்வதை விடுங்கள்" என்று நான் சொன்னால் அது பொறுப்பில்லாத பேச்சு. இரண்டு பேரும் எதை வைத்து அப்படிச் சொல்லியிருப்பார்கள், அதை நீங்கள் எப்படி விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

முதலில் அந்த 3 மில்லிமீட்டர். அதை எந்த இடத்தில் அளந்தார்கள்? நீங்கள் எழுதியதில் அது இல்லை, ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. மூட்டுப் பரப்பில், அதாவது பாதத்து எலும்பு வந்து உருளுகிற வழவழப்பான இடத்தில் 3 மில்லிமீட்டர் விலகியிருந்தால் அது ஒரு கதை. மூட்டு நன்றாக இருந்து, அதற்கு மேலே வளர்ச்சித் தட்டு மட்டும் ஒரு ஓரத்தில் 3 மில்லிமீட்டர் வாய் பிளந்திருந்தால் அது முற்றிலும் வேறு கதை. மூட்டிலேயேகூட, பக்கவாட்டில் இடைவெளி விழுந்திருக்கிறதா, அல்லது ஒரு துண்டு மேலேறிப் படிக்கட்டு மாதிரி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இடைவெளியை உடம்பு ஓரளவுக்கு நிரப்பிக்கொள்ளும். படியை அது சமாளிப்பது கஷ்டம். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் எதிர்ப்பக்கக் குருத்தெலும்பு அந்த விளிம்பில் உரசும்.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். கணுக்காலுக்கு மேலே டிபியா என்கிற பெரிய எலும்பும், வெளிப்பக்கம் ஃபிபுலா என்கிற ஒல்லியான எலும்பும் இருக்கின்றன. வளரும் பிள்ளைகளுக்கு டிபியாவின் கீழ்நுனிக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு குருத்தெலும்புத் தகடு ஓடும். அதுதான் வளர்ச்சித் தட்டு. டிபியாவின் நீள வளர்ச்சியில் சுமார் 40 சதவீதம் இந்தக் கீழ்த்தட்டிலிருந்து வருகிறது. பெரியவர்களுக்குக் கால் மடங்கினால் ஜவ்வு கிழியும். பிள்ளைகளுக்கு ஜவ்வு கெட்டியாகவும் தட்டு மெத்தென்றும் இருப்பதால், ஜவ்வு கிழிவதற்கு முன்பே தட்டு விட்டுக்கொடுத்துவிடுகிறது. பிள்ளைகளின் கணுக்கால் சுளுக்கை நாங்கள் அவ்வளவு எளிதில் சுளுக்கு என்று நம்பாததற்குக் காரணம் இதுதான்.

இந்தத் தட்டு ஒருநாள் மூடிக்கொள்ளும். சுவாரசியம் என்னவென்றால், அது ஒரே நேரத்தில் மூடுவதில்லை. நடுவில் தொடங்கி, உள்பக்கம் போய், கடைசியாக வெளிப்பக்கம் மூடும். மொத்தத்தில் ஒன்றரை வருடம் போல எடுக்கும். பெண் பிள்ளைகளுக்கு இது முன்னதாகவும் ஆண் பிள்ளைகளுக்கு ஓரிரு வருடம் பிந்தியும் நடக்கும். உங்கள் மகளின் வயது இந்த ஒன்றரை வருட இடைவெளிக்குள் அனேகமாக விழுகிறது. அப்போது பாதம் வெளிப்பக்கம் திருகினால், ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட பகுதி பிடித்துக்கொள்ளும். இன்னும் ஒட்டாத முன்-வெளி மூலையை மட்டும் ஜவ்வு பிய்த்துக்கொண்டு வரும். அதற்கு டில்லோ முறிவு என்று பெயர், 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஒருவரின் பெயரால். இன்னும் கொஞ்சம் சிக்கலானது ட்ரைப்ளேன், அதாவது மூன்று தளங்களில் ஓடும் முறிவு. எக்ஸ்ரேயை நேராக எடுத்தால் ஒரு வகை முறிவு மாதிரியும், பக்கவாட்டில் எடுத்தால் வேறொரு வகை மாதிரியும் தெரிந்து ஏமாற்றும். டொரோண்டோவைச் சேர்ந்த சால்டரும் ஹாரிஸும் 1963இல் வளர்ச்சித் தட்டு முறிவுகளுக்கு வெளியிட்ட ஐந்து வகைப் பாகுபாட்டைத்தான் உலகம் முழுக்க இன்றும் பயன்படுத்துகிறோம். ட்ரைப்ளேன் நேர்ப்படத்தில் அதன் மூன்றாம் வகையாகவும் (தட்டு வழியே ஓடி மூட்டுக்குள் இறங்குவது), பக்கப்படத்தில் இரண்டாம் வகையாகவும் (தட்டு வழியே ஓடி மேலே எலும்புக்குள் ஏறுவது) தெரியும். உங்களிடம் சிடி ஸ்கேன் இருக்கிறதா என்று தெரியவில்லை. இல்லையென்றால் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மூட்டுப் பரப்பில் உண்மையான விலகல் எவ்வளவு, துண்டுகள் எத்தனை என்பதை எக்ஸ்ரே குறைத்தே காட்டும். கணுக்காலுக்கு எடுக்கும் சிடியில் கதிர்வீச்சு குறைவுதான், அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

இப்போது "வளர்ச்சி நின்றுவிடுமா" என்ற பயத்துக்கு வருகிறேன். உங்கள் மகளின் தட்டு மூடத் தொடங்கிவிட்டது என்றால், அங்கே பாக்கியிருக்கும் வளர்ச்சி மிகக் கொஞ்சம். அது நின்றாலும் கால் குட்டையாகவோ கோணலாகவோ போவதற்கான வாய்ப்பு குறைவு. அந்த நிலையில் நான் கவலைப்படுவது மூட்டுப் பரப்பைப் பற்றித்தான். ஆனால் 13 வயது என்பது பிறப்புச் சான்றிதழில் உள்ள வயது. எலும்பின் வயது ஒன்றிரண்டு வருடம் முன்பின்னாக இருக்கலாம். பூப்பெய்தி எத்தனை மாதம் ஆகிறது, சமீபத்தில் உயரம் எவ்வளவு கூடியது என்று மருத்துவர் கேட்டால் சம்பந்தமில்லாத கேள்வி என்று நினைக்காதீர்கள். இதே முறிவைப் பற்றி ஒன்பது வயதுப் பையனின் அப்பா கேட்டிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

அதையும் சொல்லிவிடுகிறேன், படிக்கும் வேறு யாருக்காவது பயன்படும். எட்டு, ஒன்பது, பத்து வயதில் கால் உள்பக்கம் மடங்கி, உள்கணுக்கால் மேடு தட்டோடு சேர்ந்து உடைந்தால், அது சின்ன முறிவு மாதிரித் தெரிந்தாலும் மோசமான ஆசாமி. தட்டு துல்லியமாகப் பொருந்தாவிட்டால் அந்த இடத்தில் எலும்புப் பாலம் ஒன்று உருவாகும். உள்பக்கம் வளர்ச்சி நின்று, வெளிப்பக்கம் வளர்ந்துகொண்டே போய், கணுக்கால் உள்நோக்கிச் சாயும். இன்னும் ஐந்தாறு வருட வளர்ச்சி பாக்கியிருக்கிற பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை. அந்த முறிவு சிறிதளவு விலகியிருந்தாலும் திறந்து, கண்ணால் பார்த்துப் பொருத்தவே நான் விரும்புவேன். துளியும் விலகாமல் இருந்தால்தான் துளை வழி.

சரி, ஆபரேஷன் தியேட்டருக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? துளை வழி என்றால் வெறுமனே ஒரு ஸ்க்ரூவை முடுக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியமான வேலை அதற்கு முன்பே நடக்கிறது. மயக்க மருந்து கொடுத்துத் தசைகள் தளர்ந்த பிறகு, முழங்காலை மடக்குவோம். கெண்டைக்கால் தசையின் இழுப்பு குறையும். ஒருவர் தொடையைப் பிடித்துக்கொள்ள, நான் குதிகாலைப் பிடித்து மெதுவாக இழுத்து, பாதத்தை உள்பக்கம் திருப்புவேன். வெளிப்பக்கம் திருகி உடைந்ததை வந்த வழியே திருப்பி அனுப்புகிற வேலை இது. தலைக்கு மேலே சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவி, திரையில் படம். துண்டு இருப்பிடத்தில் உட்கார்ந்தால் கைக்குத் தெரியும், கெட்டியாக நிற்கும். முழுதாக வராவிட்டால் இரண்டு சிறு குத்துத் துளைகள் வழியாகக் கூர்முனைக் கிடுக்கி ஒன்றை விட்டு அழுத்திப் பார்ப்போம். பொருந்தியதும் மெல்லிய வழிகாட்டிக் கம்பியை வளர்ச்சித் தட்டுக்கு இணையாக, தட்டைத் தொடாமல் செலுத்தி, அதன்மேல் நடுவில் துளையுள்ள ஸ்க்ரூவைக் கோத்து முடுக்குவோம். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கீறல், ஒன்றோ இரண்டோ தையல். எல்லாம் நல்லபடி நடந்தால் இதைவிட அழகான வேலை கிடையாது.

நல்லபடி நடக்காதபோது என்ன ஆகும் என்பதுதான் உங்கள் இரண்டாவது மருத்துவரின் பக்கம். எலும்பைச் சுற்றி மேலுறை என்று ஒரு கெட்டியான சவ்வு உண்டு. பிள்ளைகளுக்கு அது தடிமனாக இருக்கும். முறியும்போது அது கிழிந்து, ஒரு மடிப்பு முறிவுக்குள் சுருண்டு மாட்டிக்கொள்ளும். அப்போது எவ்வளவு திருப்பினாலும் எலும்பு பொருந்தாது. கதவிடுக்கில் துணி மாட்டிய மாதிரி, மூடப் போகும், கடைசியில் ரப்பர் போல எதிர்த்துத் தள்ளும். சில சமயம் சின்ன எலும்புச் சில்லோ உறைந்த ரத்தமோ மாட்டியிருக்கும். இந்த ரப்பர் உணர்வு கைக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். மயக்கத்தில் ஒன்று அல்லது இரண்டு மென்மையான முயற்சி, அவ்வளவுதான். துளை வழியாகவே முடித்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தில் ஐந்தாறு முறை முறுக்கினால், அந்த முறுக்கலே தட்டை நசுக்கும். அடிபட்டு ஒரு வாரம், பத்து நாள் ஆகிவிட்டால் முறிவு ஒட்டத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு வலுக்கட்டாயமாக இழுப்பது இன்னும் ஆபத்து.

திறந்து செய்வது என்றால் கணுக்காலின் முன்பக்கம் சில சென்டிமீட்டர் கீறி, நரம்பையும் ரத்தக்குழாயையும் ஓரமாக ஒதுக்கி, மூட்டின் விளிம்பை நேரில் பார்ப்பது. மாட்டிய உறையை எடுத்துவிட்டு, உறைந்த ரத்தத்தைக் கழுவி, துண்டைப் பொருத்தி, விரல்நுனியால் மூட்டு விளிம்பைத் தடவிப் பார்ப்பது. அதன்பின் ஸ்க்ரூ. கவனியுங்கள், உள்ளே வைக்கிற ஸ்க்ரூ இரண்டு முறையிலும் ஒன்றேதான், அதே இடம், அதே திசை. வித்தியாசம் பொருத்தம் சரியா என்று தெரிந்துகொள்ளும் வழியில்தான் இருக்கிறது. ஒன்றில் திரையைப் பார்த்துச் சொல்கிறோம், இன்னொன்றில் எலும்பைப் பார்த்துச் சொல்கிறோம். நடுவில் ஒரு வழியும் உண்டு. மூட்டுக்குள் சிறு கேமரா விட்டுப் பார்த்துக்கொண்டே துளை வழியாக ஸ்க்ரூ வைப்பது. கருவியும் பழக்கமும் உள்ள கைகளில் அது நன்றாக வருகிறது. எல்லா இடத்திலும் கிடைக்காது என்பதால் அதை எதிர்பார்த்து நாளைக் கடத்த வேண்டாம்.

திரை ஏமாற்றும் என்பதை நான் சொந்தத் தவறில்தான் கற்றேன். வேலைக்கு வந்து சில வருடங்கள் ஆன சமயம், 14 வயதுப் பையன், ட்ரைப்ளேன். திருப்பினேன், கிடுக்கி போட்டேன், திரையில் கோடு நேராகத் தெரிந்தது. இரண்டு ஸ்க்ரூ, மூன்று தையல், எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் திருப்பும்போது கடைசியில் அந்த ரப்பர் எதிர்ப்பு கொஞ்சம் இருந்தது, நான்தான் அதைக் கண்டுகொள்ளவில்லை. அன்று ராத்திரி மனசு கேட்காமல் மறுநாள் சிடி எடுக்கச் சொன்னேன். மூட்டில் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் படி அப்படியே நின்றது. சி-ஆர்மை நான் பிடித்த கோணத்தில் அந்தப் படி மறைந்திருந்தது, அவ்வளவுதான். அம்மாவிடம் போய், "நான் நினைத்த மாதிரிப் பொருந்தவில்லை, மறுபடி திறந்து செய்ய வேண்டும்" என்று சொன்னது இன்றைக்கும் மறக்கவில்லை. திறந்தால், கட்டைவிரல் நகம் அளவுக்கு உறை மடிந்து உள்ளே கிடந்தது. எடுத்த நிமிடம் எலும்பு தானாக வந்து உட்கார்ந்தது. பையன் நன்றாக இருக்கிறான். அதன்பின் துளை வழி செய்யும்போதெல்லாம் கணுக்காலை மூன்று நான்கு கோணத்தில் திருப்பித் திருப்பிப் படம் எடுப்பேன். துளி சந்தேகம் இருந்தாலும் திறந்துவிடுவேன்.

எது உறுதியாகத் தெரியும், எது தெரியாது என்று இப்போது பிரித்துச் சொல்கிறேன். மூட்டுப் பரப்பு முடிந்தவரை சமமாக வர வேண்டும் என்பதில் எலும்பு மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. திருகுமரையுள்ள ஸ்க்ரூ, இன்னும் வளரப் போகிற தட்டைக் குறுக்கே கடக்கக் கூடாது. கடந்தே ஆக வேண்டுமென்றால் கே-வயர் என்கிற, மரையில்லாத வழவழப்பான மெல்லிய கம்பிதான், அதுவும் சில வாரத்தில் எடுத்துவிட வேண்டும். இதுவும் உறுதி. திரும்பத் திரும்ப முறுக்குவது கெடுதல் என்பதையும் நம்பலாம்.

2 மில்லிமீட்டர் என்ற எல்லைக்கோடு அவ்வளவு உறுதியானது இல்லை. 2 மில்லிமீட்டருக்கு மேல் மூட்டு விலகியிருந்தால் அறுவை என்று எங்கும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ட்ரைப்ளேன் முறிவுள்ள பிள்ளைகளை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்து 1988இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு முக்கியமான ஆதாரம். அதில் 2 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ விலகல் மிஞ்சியவர்களுக்கு முடிவு நன்றாக இல்லை. முதலில் நன்றாக இருந்த சிலருக்கும் வருடங்கள் போகப் போக வலி வந்தது. ஆனால் அது சிறிய ஆய்வு. எக்ஸ்ரேயில் இரண்டு மருத்துவர்கள் ஒரே படத்தை அளந்தால் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் சாதாரணமாக வரும். ஆகவே 1.8க்கும் 2.2க்கும் நடுவே பெரிய மதில் ஒன்றும் இல்லை. இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மருத்துவரோடு வாதாட வேண்டாம்.

வளர்ச்சித் தட்டில் மிஞ்சும் இடைவெளி இன்னும் சந்தேகமான விஷயம். அமெரிக்காவில் சான் டியாகோ மருத்துவர்கள் 2003இல் ஒன்றைக் கவனித்தார்கள். முறிவைப் பொருத்திய பிறகும் தட்டில் 3 மில்லிமீட்டருக்கு மேல் வாய் திறந்திருந்தால், அந்தப் பிள்ளைகளில் 60 சதவீதம் பேருக்குத் தட்டு முன்கூட்டியே மூடிவிட்டது. அப்படி இடைவெளி இல்லாதவர்களில் 17 சதவீதம்தான். இடைவெளி என்றால் உள்ளே மேலுறை மாட்டியிருக்கிறது, திறந்து எடுத்தால் சரியாகிவிடும் என்று எங்களில் பலர் அதைப் புரிந்துகொண்டு திறக்கத் தொடங்கினோம். பத்து வருடம் கழித்து, 2013இல், அங்கிருந்தே வந்த இன்னொரு ஆய்வு, சால்டர்-ஹாரிஸ் இரண்டாம் வகை முறிவுகளில் அப்படித் திறந்து எடுத்ததால் முன்கூட்டி மூடுவது குறைந்ததாகத் தெரியவில்லை என்றது. அடிபட்ட அந்த நொடியிலேயே தட்டுக்குச் சேதம் நடந்து முடிந்துவிடுகிறது போலிருக்கிறது. பிறகு நாம் சுத்தம் செய்வது அந்தக் கணக்கை மாற்றுவதில்லை. மூட்டு நன்றாக இருந்து, தட்டில் மட்டும் சிறு இடைவெளி என்றால், அதற்காக மட்டும் திறப்பதில் எனக்கு முன்னிருந்த ஆர்வம் இப்போது இல்லை. வேறு விதமாக நினைக்கும் நல்ல மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

துளை வழிக்கும் திறந்து செய்வதற்கும் நேருக்கு நேர் ஒப்பீடு என்று இணையத்தில் படிக்கும்போது ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். அவற்றில் பெரும்பாலானவை பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்து எழுதியவை. சுலபமான முறிவுகள் துளை வழியில் முடிந்துபோகும். பொருந்த மறுக்கும், துண்டு துண்டான, வீங்கிப்போன கால்கள்தான் திறப்பதற்கு வரும். பிறகு எண்ணிப் பார்த்தால் திறந்தவர்களுக்குத் தொல்லை அதிகம் என்றுதான் வரும். அந்தத் தொல்லையில் எவ்வளவு கீறலால் வந்தது, எவ்வளவு முறிவின் கடுமையால் வந்தது என்று அந்தக் கோப்புகளால் பிரிக்க முடியாது. சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து ஒப்பிட்டால்தான் தெரியும். அப்படிச் செய்வதும் இங்கே லேசான காரியம் இல்லை. பொருந்தாத எலும்பைப் பொருந்தாமலே விட்டு ஸ்க்ரூ போடச் சீட்டு வந்தால் எந்த மருத்துவர் சம்மதிப்பார்?

திறப்பதால் வரும் தொல்லைகளும் உண்மைதான். தழும்பு நீளமாக இருக்கும், வீக்கம் வடிய நாளாகும், மூட்டு கொஞ்ச காலம் இறுக்கமாக இருக்கும், தொற்றுக்கான வாய்ப்பு சற்றுக் கூடுதல். வீக்கத்தோடு இருக்கும் தோலைக் கீறினால் காயம் கூடாமல் படுத்தும், அதனால் தோலில் சுருக்கம் விழும்வரை ஓரிரு நாள் காத்திருப்போம். உங்கள் மருத்துவர் "வீக்கம் வடியட்டும்" என்று சொல்லியிருந்தால் அலட்சியம் என்று எண்ண வேண்டாம். துளை வழியும் சாது இல்லை. கணுக்காலின் முன்-வெளிப்பக்கம் தோலுக்கு அடியிலேயே ஒரு உணர்ச்சி நரம்பு ஓடுகிறது. கண்ணால் பார்க்காமல் குத்துகிற துளையில் அது மாட்டலாம். மாட்டினால் பாதத்தின் மேல்பக்கம் மாதக்கணக்கில் மரத்துப்போகும், சிலருக்குச் செருப்பு வார் பட்டாலே சுரீரென்னும். அதனால் துளை வழியிலும் தோலை மட்டும் கீறிவிட்டு, கீழே கிடுக்கியால் விலக்கிக்கொண்டு போவதுதான் நல்ல பழக்கம்.

அப்படியானால் உங்கள் இரண்டு மருத்துவர்களும் முரண்படுகிறார்களா? எனக்கென்னவோ இருவரும் ஒரே படத்தைப் பார்த்து, ஒரே ஆபரேஷனின் இரண்டு கட்டங்களைச் சொல்கிறார்கள் என்றே தோன்றுகிறது. முதலாமவர் மூடியபடியே பொருந்திவிடும் என்று எதிர்பார்க்கிறார். இரண்டாமவர் பொருந்தாது என்று எதிர்பார்க்கிறார், அல்லது துண்டுகள் பல இருப்பதைப் பார்த்திருக்கிறார். டில்லோ முறிவாக ஒரே துண்டு, இரண்டு மூன்று நாளில் வந்த பிள்ளை என்றால் நானும் முதலாமவர் கட்சி. பாதத்தை உள்ளே திருப்பியதும் கைக்குள் டக்கென்று உட்கார்ந்து, ஒரே ஸ்க்ரூவில் முடிந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆக, முதலாமவரிடம் கேட்க வேண்டியது: "மூடியபடி பொருந்தாவிட்டால் அதே மயக்கத்தில் திறப்பீர்களா? பொருந்தியது என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்?" தயங்காமல் பதில் வந்தால் நல்லது. சம்மதப் படிவத்திலேயே "மூடிய முறை, தேவைப்பட்டால் திறந்து" என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டாமவரிடம் கேட்க வேண்டியது: "திறப்பதற்கு முன் ஒருமுறை மூடியபடி முயல்வீர்களா, இல்லையென்றால் ஏன்?" சிடியைக் காட்டி "இதோ இந்தத் துண்டு மூடியபடி வராது" என்று அவர் விரலால் தொட்டுக் காட்டினால், நான் அவரை நம்புவேன்.

அறுவைக்குப் பிறகு இரண்டு முறையிலும் கிட்டத்தட்ட ஒரே பாதைதான். நான்கு முதல் ஆறு வாரம் மாவுக்கட்டு அல்லது கழற்றி மாட்டும் பூட்ஸ், அதில் முதல் சில வாரம் கால் ஊன்றக் கூடாது. ஸ்க்ரூவைப் பின்னாளில் எடுக்க வேண்டுமா என்பதில் ஆளுக்கொரு கொள்கை. மூட்டுக்கு மிக அருகில் இருக்கும் ஸ்க்ரூ அந்த இடத்து அழுத்தத்தைக் கூட்டுகிறது என்று ஆய்வுக்கூடச் சோதனை ஒன்று காட்டியது. அதை வைத்து எடுத்துவிடுபவர்களும் உண்டு. நான் தொந்தரவு தந்தால் மட்டும் எடுக்கிறேன். வளர்ச்சி பாக்கியிருந்தால் ஆறு மாதத்திற்கு ஒருமுறை, குறைந்தது ஒரு வருடமாவது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். தட்டுக்கு மேலே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். அது தட்டுக்கு இணையாக விலகிக்கொண்டே போனால் தட்டு சமமாக வேலை செய்கிறது. ஒரு பக்கம் தட்டை நோக்கிச் சாய்ந்தால் அங்கே பாலம் விழுந்திருக்கலாம். அடுத்த முறை படத்தைப் பார்க்கும்போது அந்தக் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் அவசரம், அறுவைக்கு முன்போ பின்போ. வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், மாத்திரைக்கும் அடங்காவிட்டால், பெருவிரலை மேலே தூக்க முடியாவிட்டால், கீழே மடக்கினால் தாங்க முடியாமல் வலித்தால், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மரத்துப்போனால், காலை வரை காத்திருக்காதீர்கள். கணுக்காலின் முன்பக்கம் தசைநாண்களை இறுக்கிப் பிடிக்கும் பட்டைக்கு அடியில் அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம். இந்த வகை முறிவில் அரிதாக வரும், வந்தால் அன்றே அந்தப் பட்டையை வெட்டிவிட வேண்டும்.

ஐந்தாவது நாள் என்பதால் இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் அடுத்த வாரம் என்று தள்ளும் அளவுக்கு இல்லை. நாளைக்கே அந்த 3 மில்லிமீட்டர் எந்த இடத்து அளவு, படியா இடைவெளியா, சிடியில் எத்தனை துண்டு என்று கேட்டுவிட்டு இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.